யாரோ கட்டிய பாட்டு

ஜனவரி 7, செவ்வாய்

நூலகத்து மாடியில் பாட்டு. நாற்காலி நிறைய, ஆள் கொஞ்சம். முதல் பாட்டையே மேலே எடுத்துத் தொலைத்துவிட்டேன். சுருதிப் பெட்டி பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் என் காது இன்னமும் என் வீட்டுக்காரரைத்தான் தேடுகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மேளத்தைச் சரிபார்க்கிற சாக்கில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி "ம்ம்" என்று ஒரு முனகல் கொடுப்பார். அதுதான் எனக்குச் சுருதி. இத்தனை வருஷம் மேடையேறினோம், ஒருத்தரும் அதைக் கண்டுபிடித்ததில்லை. இன்று மேலே போனதை இறக்க வழியில்லாமல் கத்தியே முடித்தேன்.

பிறகு நானே மேஜையை விரித்து, நானே சிடிக்களை அடுக்கி, நானே அதன் பின்னால் உட்கார்ந்தேன். "இப்ப யாருங்க சிடி போட்டுக் கேக்குறாங்க" என்றார் ஒருவர். "கேக்க வேணாம், டீ டம்ளருக்கு அடியில வச்சுக்கங்க" என்றேன். சிரித்துவிட்டு ஒன்று வாங்கிக்கொண்டார்.

அவர் இல்லாத முதல் ஜனவரி.

ஜனவரி 16

கச்சேரிக்குப் போகிற வேன் கிளம்பவில்லை. அவர் திட்டினால்தான் கிளம்பும். நானும் திட்டிப் பார்த்தேன். என்னை மதிக்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

அவர் மேளத்துக்கு உறை தைக்கக் கொடுத்தேன். பின்தெருவில் ஒரு தையல் கடை, மாடிப்படிக்குக் கீழே. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு தையல்காரி. மேளத்தைச் சுற்றி டேப்பைப் பிடித்துவிட்டு, "இடுப்பும் மார்பும் ஒரே அளவு. இந்த மாதிரி உடம்பு யாருக்கு அமையும்" என்றாள். அவர் போனதற்கு அப்புறம் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அக்கா அக்கா என்று ஒட்டிக்கொள்கிறாள். என்னை விடப் பத்து வயதாவது சின்னவள்.

யார் வாசிக்கப் போகிறார்கள் என்று அந்த மேளத்துக்கு உறை? தெரியாது. தூசி படிகிறது, பார்க்கச் சகிக்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

எழுதினால்தான் இன்று தூக்கம் வரும் போலிருக்கிறது.

தொண்டை மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். மூலையில் டிவி. ஒரு குழந்தையைத் தொட்டியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுகிறார்கள். நுரை. பின்னால் ஒரு பெண் குரல், தேன் ஊற்றிய மாதிரி:

பேரு கேட்டா என்ன சொல்லுவே – கண்ணு,
யாரு கேட்டா என்ன சொல்லுவே

குழந்தை சிரிக்கிறது. பதிலாக சோப்பின் பேர் திரையில் வருகிறது.

சோப்பின் பேர்!

"அதை நிறுத்துங்க"ன்னு கத்திட்டேன். கடைக்காரர் பயந்துபோய் ரிமோட்டைத் தேடினார். அதற்குள் அடுத்த விளம்பரம் வந்துவிட்டது. "என்னம்மா, பிரஷரா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். என்ன சொல்ல? அது என் பாட்டு என்றா? என் பாட்டு இல்லை. அவர் பாட்டு. எங்கள் பிள்ளையின் பாட்டு.

இங்கேயாவது எழுதுகிறேன். வேறு எங்கேயும் சொன்னதில்லை. எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். மூச்சில்லாமல் பிறந்தாள். பேர் வைக்கக்கூட இல்லை. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவர் ஜன்னலோரம் நின்று, கட்டில் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். எரிச்சலாக வந்தது, சும்மா இருக்க மாட்டீர்களா என்று கேட்கக்கூடத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்தபோது பாட்டு முழுதாக இருந்தது. அதன் அடுத்த வரிகளை சோப்புக்காரர்கள் எடுத்துக்கொள்ளவில்லை:

அம்மா பேரைச் சொல்லிப் போ – அவ
பின்னால வருவான்னு சொல்லிப் போ
இருட்டுன்னு பயப்படாதே – கண்ணு,
முன்னால போனவங்க வெளக்கு வச்சிருப்பாங்க

எழுதி வைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மேடையில் பாடும்போது "இது ரொம்பப் பழைய பாட்டு" என்பார். என்னிடம் கேலியாகச் சொல்வார்: "என் பாட்டுன்னு சொன்னா குத்தம் கண்டுபிடிப்பான். பழசுன்னு சொல்லிப்பாரு, கண்ணை மூடிக்கிட்டுத் தலையாட்டுவான்." எங்கள் பாட்டுக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான். சொந்தமாகக் கட்டியதைப் பழசு என்பார்கள், பழசைச் சொந்தம் என்பார்கள்.

இப்போது அது சோப்பு நுரைக்குள் மிதக்கிறது.

பிப்ரவரி 4

நாத்தனார் போன் செய்தாள். அவர் தங்கை. அவளும் பார்த்துவிட்டாள். "அண்ணன் மட்டும் இருந்திருந்தா அந்த சோப்பாலேயே அவனுங்க வாயைக் கழுவி விட்டிருப்பான், அண்ணி" என்றாள்.

பிப்ரவரி 6, வியாழன்

விளம்பரக் கம்பெனியில் ஒருவர் கிடைத்தார். ரொம்ப மரியாதை. மேடம் இல்லாமல் ஒரு வாக்கியம் இல்லை. "மேடம், அது நாட்டுப்புறப் பாட்டு. யாருக்கும் சொந்தமில்ல. நாங்க நல்லா விசாரிச்சுட்டுத்தான் எடுத்தோம், மேடம்." யாரிடம் விசாரித்தாய் அப்பா? என் வீட்டுக் கதவை ஒருத்தனும் தட்டவில்லையே.

"உங்க திருப்திக்கு ஏதாவது தரச் சொல்றேன் மேடம்" என்றார். காசு வேண்டாம், அவர் பேரைப் போடுங்கள் என்றேன். "அதுதான் மேடம் கஷ்டம்" என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

உறையை வாங்கப் போனேன். அழகாகத் தைத்திருந்தாள். தோள்பட்டையில் போட்டுக்கொள்ள அவளாகவே ஒரு பட்டையும் வைத்திருந்தாள். தயங்கித் தயங்கி, "அக்கா, நீங்க அந்தப் பாட்டுக்கார அக்காதானே? உங்க கேசட் எங்க வீட்டுல இருந்துச்சு" என்றாள். எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

அவளுக்கும் ஒன்று போயிருக்கிறது. ஏழாம் மாதம். யாரும் அவளோடு அதைப் பற்றிப் பேசவில்லையாம். "அடுத்தது பொறக்கும், அழாதே"ன்னு மட்டும் சொல்லியிருக்கிறார்கள். பிறக்கவில்லை.

"அந்தப் பாட்டைக் கேட்டுட்டுத்தான் எந்திரிச்சேன் அக்கா. பழைய பாட்டுன்னு அண்ணன் அதுல சொல்லுவாரே. அப்படின்னா நமக்கு எவ்வளவோ முன்னாடி எவளோ ஒருத்திக்கும் இப்படி ஆயிருக்கு. அவளும் தாங்கியிருக்கா. அவளுக்கு அப்புறம் எத்தனையோ பேர் பாடித் தாங்கியிருக்காங்க. நான் மட்டும் ஒத்தையில இல்லன்னு தோணுச்சு." மெஷினை மிதிக்கும்போது இன்னமும் பாடுவாளாம், தன் பிள்ளைக்கு. பாடச் சொன்னேன். வெட்கப்பட்டாள். பிறகு, கதவை ஒருச்சாய்த்துவிட்டுப் பாடினாள். அதில் எனக்குத் தெரியாத வரிகள் இருந்தன:

சட்டை ஒண்ணு தெச்சு வச்சேன் – கண்ணு,
அளவு தெரியாம தெச்சு வச்சேன்
வளந்திருந்தா பிரிச்சுக்க – உள்ள
துணி கொஞ்சம் விட்டு வச்சேன்

இது யார் பாட்டில் வருகிறது என்று கேட்டேன். "நானா சேத்துக்கிட்டேன். தப்பாக்கா? பழைய பாட்டுதானே, எல்லாரும் சேப்பாங்கன்னு நெனச்சேன்."

தப்பில்லை என்றேன். வேறென்ன சொல்ல? அவர் கேட்டிருந்தால் பொறாமையில் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டார். எனக்கும் வயிறெரிந்தது, சும்மா சொல்லக்கூடாது. என் வீட்டுத் தொட்டிலில் இன்னொருத்தி வந்து ஆட்டுகிறாளே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

வக்கீலம்மாவைப் பார்த்தேன். நாத்தனார் பிடித்துக் கொடுத்த ஆள். சின்ன வயது. ஓயாத தும்மல். மேஜை முழுக்கக் கோப்புகள், அந்தத் தூசியே காரணமாக இருக்கும்.

"இதைக் கேளுங்க"ன்னு தன் போனை மேஜையில் வைத்தார். எங்கள் பழைய கச்சேரி ஒன்றை யாரோ இணையத்தில் போட்டிருக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் அதைத்தான் ஆதாரமாக அனுப்பியிருக்கிறார்கள்.

முதலில் இருமல். அவர் இருமல். பிறகு மேளத்தில் ஒரு தட்டு. பிறகு அவர் குரல்: "இது யார் கட்டின பாட்டுன்னு கேக்காதீங்க. எவனோ ஒருத்தன் கட்டினான், செத்தும் போயிட்டான். நாங்க சும்மா தூக்கிட்டு வர்றோம்." கூட்டம் சிரிக்கிறது. அப்புறம் மைக்கில் லேசாக, ரொம்ப லேசாக, "ம்ம்". என் சுருதி. அதில் பிடித்து நான் பாட ஆரம்பிக்கிறேன்.

அவர் போன பிறகு அவர் குரலை நான் கேட்கவே இல்லை. பயந்துகொண்டு எதையும் போடாமல் இருந்தேன். கடைசியில் ஒரு வக்கீல் ஆபீசில், எதிராளி அனுப்பிய சாட்சியாகக் கேட்கிறேன்.

"நமக்கு எதிரா இருக்கிறதே இதுதாம்மா. அவரே தன் பாட்டு இல்லைங்கறாரு" என்றார் வக்கீலம்மா. தெரியும்மா, இன்னொரு தடவை போடுங்க என்றேன். போட்டார். இன்னொரு தடவை என்றேன். வக்கீலம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கடைசியில் சொன்னது இது. பாட்டு எப்போது, எங்கே, எதற்காகக் கட்டப்பட்டது என்று நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் கூட இருந்த நாத்தனாரும் சொல்ல வேண்டும். "கோர்ட்டுக்கே போக வேண்டியிருக்காது. செத்த குழந்தைக்குப் பாடின பாட்டை சோப்புக்கு வச்சுட்டான்னு பேப்பர்ல வந்தா, மறுநாளே கால்ல விழுவான்."

முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த "ம்ம்".

பிப்ரவரி 21

எவனோ ஒருத்தன் கட்டினான், செத்தும் போயிட்டான். பாவி மனுஷா, எப்படி அப்படிச் சொல்ல வாய் வந்தது உங்களுக்கு?

மார்ச் 2, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். வந்ததும் சமையலறையைப் பார்த்துவிட்டு, "அண்ணி, இங்க எலிகூடப் பட்டினியில செத்துடும்" என்று திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். சாப்பிட்டு முடித்த பிறகு அவளிடம் கேட்டேன். உன் அண்ணன் ஏன் அப்படிப் பழசு பழசு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார், கேலிக்குத்தானே?

அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள். "கேலியெல்லாம் உன்கிட்ட சொல்றதுக்கு. என்கிட்ட வேற சொன்னான். நான் கட்டினேன்னு சொன்னா எதுக்குக் கட்டினீங்கன்னு கேப்பாங்க, பக்கத்துல உக்காந்திருக்கா, அவ மூஞ்சிய எங்க வச்சுக்குவா, என்ன சொல்லுவா. பழசுன்னு சொல்லிட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னான்."

எனக்காக. மேடைக்கு மேடை அவர் தன் பேரை மறைத்தது எனக்காக. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஜனங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஏன் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இப்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மார்ச் 5

சொல்லாவிட்டால் அவர் மறைத்தது மறைந்தபடியே இருக்கும். நான் நிம்மதியாக இருப்பேன், அவர் ஆசைப்பட்டபடி. அவர் மட்டும் எங்கேயும் இருக்க மாட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். அவர் பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லை. நிலம் இல்லை, வீடு வாடகை வீடு. மேளத்தில் பேரை எழுதி வைக்கிற ஆளும் இல்லை. நாங்கள் கொண்டு திரிந்த அத்தனை பாட்டிலும் ஜனங்கள் வாயில் நிற்கப்போவது இந்த ஒன்றுதான். நான் போன பிறகு அவரை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு ஆள் கிடையாது. இதிலாவது அவர் பேர் இருக்கட்டும். எனக்காக அவர் விட்டுக்கொடுத்ததை நான் வாங்கிக் கொடுக்கிறேன். வெட்கமோ அழுகையோ, நான் பட்டுக்கொள்கிறேன்.

வக்கீலம்மாவுக்கு போன் போட்டேன். தும்மிக்கொண்டே, "நல்ல முடிவும்மா" என்றார்.

மார்ச் 14

பத்திரிகைக்காரப் பெண் வந்து கேட்டுவிட்டுப் போனாள். எல்லாம் சொன்னேன். கட்டில் கம்பி, ஜன்னல், மூச்சில்லாமல் பிறந்தவள். சொல்லச் சொல்ல இவ்வளவு சின்னக் கதையா என்று இருந்தது. மேளத்தை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்தார்கள்.

பேப்பரில் வருவதற்குள் தையல்காரியிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 16, ஞாயிறு

வந்துவிட்டது. அரைப் பக்கம். "பேரில்லாத மகளுக்குப் பாடிய அப்பா." தலைப்பு யார் வைத்தார்களோ. போன் ஓயவில்லை. பத்து வருஷமாகப் பேசாதவர்கள் எல்லாம் அழுகிறார்கள். நாத்தனார் ஐந்து பிரதி வாங்கியிருக்கிறாள்.

மார்ச் 18

விளம்பரத்தை நிறுத்திவிட்டார்கள். அதே மேடம் ஆள் கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் எழும்பவில்லை. அவருக்கும் சின்னக் குழந்தை இருக்கிறதாம். "சத்தியமா எங்களுக்குத் தெரியாது" என்றார். எப்படித் தெரியும். நாங்கள்தானே யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.

ஏப்ரல் 10, வியாழன்

வக்கீலம்மா ஆபீசில் கையெழுத்து. இனி அந்தப் பாட்டு எங்கே வந்தாலும் சொல்லும் மெட்டும் அவருடையது என்று போட்டாக வேண்டும். இணையத்தில் இருப்பதிலும் மாற்றியாயிற்று. வக்கீலம்மா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அவர் பேர், முழுப் பேர், அப்பா பேரின் முதலெழுத்தோடு. விரலால் தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அவர் படத்துக்கு முன்னால் நின்று, "போட்டாச்சு, இனிமே எவனோ ஒருத்தன்னு சொன்னீங்கன்னா பாருங்க" என்றேன்.

இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.

மே 3, சனி

அரங்கம் நிறைந்துவிட்டது. நின்றுகொண்டு கேட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து வாழ்நாளில் வராத கூட்டம். "அந்தப் பாட்டு எப்போ?" என்று மூன்றாவது பாட்டிலேயே துண்டுச் சீட்டு வந்துவிட்டது. நான் "இது என் வீட்டுக்காரர்..." என்று தொடங்கியதும் அத்தனை போனும் மேலே போயின. முன்வரிசையில் ஒரு அம்மா முதல் வரிக்கு முன்பே கைக்குட்டையை எடுத்துவிட்டார். சுருதி சரியாக இருந்தது. ஒரு பிசிறு இல்லை. பாடி முடித்ததும் கைதட்டவில்லை, துக்க வீட்டில் எழுந்து நிற்பது போல எழுந்து நின்றார்கள்.

முன்பெல்லாம் அந்தப் பாட்டுக்கு ஜனங்களும் கூடவே பாடிக்கொண்டு வருவார்கள், ஆளுக்கொரு ராகத்தில். இன்று யாரும் கூடப் பாடவில்லை.

சிடி மேஜைக்கு வந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க துக்கத்தை நாங்க எப்படிம்மா பாடுறது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மே 19

தையல்காரியைப் பார்க்கப் போகவேண்டும் போகவேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனேன். மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

ஜூன் 6, வெள்ளி

ஒரு பையின் ஜிப்பைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனேன். ஆமாம், நானேதான் பிய்த்தேன். போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

"வாங்கம்மா, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அக்கா இல்லை, அம்மா. பேப்பரைப் படித்திருக்கிறாள். மேலே சுவரில் ஒட்டிக்கூட வைத்திருக்கிறாள், நானும் மேளமும். "பெரிய மனசு உங்க வீட்டுக்காரருக்கு" என்றாள். நல்லவிதமாகத்தான் பேசினாள். ஒரு குறையும் சொல்ல முடியாது.

முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கணும் என்றேன். "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றாள். ஜிப்பைப் பிரித்தாள். பாட்டு வரவில்லை. நான் எதிரில் இருப்பதால் கூச்சமோ என்று பார்த்தேன். கேட்டுவிட்டேன்.

இப்போ பாடுறதில்லையா?

இல்லை என்று தலையை ஆட்டினாள். ஊசியில் நூலைக் கோத்தாள். "பாடலாம்னு எடுத்தா வர மாட்டேங்குதும்மா. கட்டிலும் அந்தக் கம்பியும் உங்க பாப்பாவும் கண்ணுக்கு வருது. அது உங்க பிள்ளைக்குப் பாடினது. தெரிஞ்சப்புறம் என் பிள்ளைக்கு எப்படி அதைப் பாடுறது? அடுத்த வீட்டுப் பிள்ளை சட்டையைக் கேக்காம எடுத்து மாட்டின மாதிரி இருக்கு."

எங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாரும் பாடலாம், நீயும் பாடு, அவர் சந்தோஷப்படுவார் – என்னென்னவோ சொன்னேன். நான் அனுமதி கொடுக்கிறேன் பார், நான் அவளுக்கு. சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது. அவள் எல்லாவற்றுக்கும் சரிம்மா சரிம்மா என்றாள்.

அந்தச் சட்டை வரி உன்னோடதுதானே, அதையாவது பாடு என்றேன்.

"அது மட்டும் தனியா எதுல நிக்கும்?" என்றாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டுப் பையை நீட்டினாள்.

ஜூன் 21, சனி

வெளியூரில் பாட்டு. வாசலில் பெரிய தட்டி. என் பேருக்கு மேலே அவர் பேர், அதற்குக் கீழே அந்தப் பாட்டின் முதல் வரி. நடத்துகிறவர் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பேரில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை.

கடைசியில் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.